நாற்பது வீடும் பாஸ்

இன்குபேட்டர் கதவைத் திறந்தால் முதலில் வருவது வாடை. புளித்த பாலும் காயாத துணியும் கலந்த மாதிரி ஒரு வாடை. தண்ணீர்ச் சோதனை செய்கிறவர்களுக்கு அது பழகிப்போகும். அன்று காலை கதவைத் திறந்தபோது அந்த வாடை இல்லை.

எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் லிம், குழாய்த் தாங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். நாற்பது வீடு, வீட்டுக்கு ஐந்து சோதனைக் குழாய். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாகக் கிடக்கும். தண்ணீரில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருந்தால் அது பெருகிக் காற்றை விடும். அந்தக் காற்று குட்டிக் குழாயின் உச்சியில் குமிழியாக வந்து நிற்கும். குமிழி இருந்தால் தண்ணீர் கெட்டது.

இருநூறு குழாயில் ஒன்றில்கூடக் குமிழி இல்லை.

"பெர்சே சங்காட், டாக்டர்," என்றார் லிம். ரொம்பச் சுத்தம் என்று அர்த்தம். ஆனால் சொன்னவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். லிம் பேசுவது பாசார் மலாய், அதாவது சந்தை மலாய். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன். "இருபது வருசமா தண்ணி பாக்குறேன். கிணத்துத் தண்ணி இப்படி இருக்காது லா. இது ஆஸ்பத்திரித் தண்ணி."

"நாம கவனமா வேலை செஞ்சோம், அதான்," என்றேன் நான்.

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. முதல் தடவையாக மானியம் பெற்று ஓர் ஆராய்ச்சித் திட்டத்துக்குத் தலைவியாகியிருந்தேன். முதல் முடிவே முத்தாக வந்திருக்கிறது. அந்த நேரத்தில் சந்தேகப்படுகிறவரை யாருக்குப் பிடிக்கும்? லிம் தோளைக் குலுக்கிவிட்டுக் குழாய்களைக் கழுவப் போனார். நான் அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.

ஈப்போ வாசகருக்கு

சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஈப்போவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் மகள் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராம். மானியத்துக்கு விண்ணப்பித்து ஒரு திட்டத்தை நடத்தும்படி துறையில் சொல்கிறார்களாம். "வகுப்பு எடுப்பதே பெரும்பாடாக இருக்கிறது. இதில் திட்டத் தலைவியும் ஆகி அவளுக்கு என்ன லாபம்? தொழிலில் வளர்ச்சி உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

உண்டு ஐயா. ஆனால் எந்தப் பக்கமாக வளரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த வாரம் லிம்மின் குழாய்களில் ஆரம்பித்தேன்.

பினாங்குப் பாலம் இன்னும் கடலில் வெறும் தூண்களாக நின்ற காலம் அது. பல்கலைக்கழகத்தில் நான் எட்டு வருடமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தோட்டத் தொழிலாளர்கள் குடிக்கும் தண்ணீரை ஆராய வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதிக்கொண்டு துறைத் தலைவரிடம் போனேன். அவர் படித்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மிகுந்த அன்போடு, "வேலையை நீ செய், தலைவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். கோலாலம்பூரில் என் பெயரைத் தெரியும்," என்றார்.

நோகாமல் நொங்கு தின்பது என்று தமிழில் இதற்குச் சொல்வார்கள். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததும் நல்லதுதான். "என் பெயரிலேயே அனுப்பிப் பார்க்கிறேன் சார், கிடைக்காவிட்டால் உங்களிடம் வருகிறேன்," என்று மட்டும் சொன்னேன். கிடைத்துவிட்டது. அதன்பிறகு ஆறு மாதம் அவர் என்னோடு மின்தூக்கியில் மட்டும்தான் பேசினார், அதுவும் மழையைப் பற்றி.

வீட்டில் இன்னொரு எதிர்ப்பு. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஜார்ஜ் டவுனில் குமாஸ்தா வேலையில் ஊன்றிய குடும்பம். தோட்டம் என்றால் ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி. பாட்டில் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அம்மா கேட்டார்: "உந்தத் தண்ணி அள்ளுறதுக்கோ பிள்ளை நீ லண்டனுக்குப் போய்ப் படிச்சனி?"

"ஓம் அம்மா," என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆறு மணி நேரம்

தண்ணீரை எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் அது ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். அதுவரை ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் எழுதிவிடலாம். பினாங்குத் தீவுக்குத் திரும்ப, பட்டர்வொர்த் கரையில் ஃபெரிக்கு வரிசை நிற்கும்போதுதான் அந்த ஒரு வரியின் நீளம் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் வரிசை சாலைவரை வந்து நிற்கும். டீசல் புகை, உப்புக் காற்று, முன்னால் கோழி ஏற்றிய லாரி. பின்சீட்டில் ஐஸ் உருகும் சத்தம் கேட்பதுபோலவே இருக்கும். ஒத்திகையாகப் போன முதல் இரண்டு தடவை நான் காருக்குள் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவையும் நேரம் தாண்டிப்போய் மொத்தத் தண்ணீரையும் கொட்டினோம். மூன்றாம் தடவை இறங்கிப் போய், ஃபெரித் துறை மேலாளர் அறைக்கதவைத் தட்டி, இன்னின்ன வேலை, இன்னின்ன அவசரம் என்று மலாயில் விளக்கி, பல்கலைக்கழகத் தலைப்புத்தாளில் ஒரு கடிதமும் கொடுத்தேன். நான்காம் தடவை எங்களை முன்னால் விட்டார்கள்.

சின்ன விஷயம்தான். ஆனால் எட்டு வருடம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் அறைக்கதவைத் தட்டத் தெரியாமல் இருந்தது. வகுப்பில் மாணவர்கள்தான் என்னைத் தேடி வருவார்கள். திட்டத்தில் நான்தான் எல்லாரையும் தேடிப் போக வேண்டும். ஆள் எடுக்கவும், வேலை பிரித்துக் கொடுக்கவும், கூட்டத்தைக் குறித்த நேரத்தில் முடிக்கவும், முடியாது என்பதை முகம் சுளிக்காமல் சொல்லவும் அந்த ஒரு வருடத்தில் படித்துக்கொண்டேன். ஈப்போ வாசகர் கேட்ட வளர்ச்சி இதுதான் என்றால், இதெல்லாம் நிச்சயமாகக் கிடைக்கும்.

திட்டத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கிணற்றில் எடுத்துச் சோதிப்பதை யாரும் செய்வார்கள். நான், மனிதர்கள் வாயில் போகிற தண்ணீரை, அவரவர் வீட்டுக் குடத்திலிருந்தே எடுப்பேன் என்று எழுதியிருந்தேன். மரியாதையாக, ஒரு வாரம் முன்னாலேயே கிராணி என்கிற தோட்டத்துக் கணக்கர் மூலம் வீடுவீடாகத் தகவலும் சொல்லி அனுப்பினேன்.

போனால், நாற்பது வீட்டு வாசலிலும் கோலம். பளபளவென்று தேய்த்த குடம், வாய்க்குப் புதுத்துணி. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு குடத்தைச் சாய்த்து எங்கள் பாட்டிலில் ஊற்றினார்கள். என்ன சுத்தம், என்ன ஒழுங்கு என்று நான் வியந்து, அதை அறிக்கையிலும் ஒரு பத்தி எழுதினேன். இடைக்கால அறிக்கை கோலாலம்பூருக்கும் தோட்டக் கம்பெனிக்கும் போனது. கம்பெனியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. துறைத் தலைவர்கூட மின்தூக்கியில் மழையை விட்டுவிட்டு என் அறிக்கையைப் பற்றிப் பேசினார்.

பதினோராம் நம்பர் வீடு

இரண்டு மாதம் கழித்து முடிவுகளின் பிரதியைக் கொடுக்கத் தோட்டத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. யாருக்கும் தகவல் சொல்லவில்லை. பதினோராம் நம்பர் வீட்டு ராஜம்மா, தோட்டத்து ஆயாக் கொட்டாயில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். தாய்மார் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். ராஜம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான் அக்கா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார்.

"வாங்க டீச்சர், பசியாறினீங்களா? நாற்பது வீடும் பாஸாமே. கிராணி சொன்னாரு."

வெயிலில் வந்திருந்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். குடத்தருகே போன ராஜம்மா நின்றார்.

"இருங்க, காய்ச்சித் தரேன்."

"பரவாயில்லக்கா, இதையே குடுங்க. எப்படியும் காய்ச்சித்தானே வச்சிருப்பீங்க?"

"எங்க டீச்சர் நேரம்? நாலு மணிக்கு எந்திரிச்சு, அஞ்சரைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுக்கு நிக்கணும். வெறகு சோத்துக்கே பத்தல. இது அப்படியே கிணத்துத் தண்ணி."

"அப்ப அன்னைக்கு நான் வந்தப்ப குடுத்த தண்ணி?"

ராஜம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். இது தெரியாதா என்பதுபோல.

"அது காய்ச்சினது. ரெண்டு நாளா எல்லா வீட்லயும் காய்ச்சி, துணியில வடிகட்டி வச்சோம். துரை லயம் பாக்க வர்றப்ப செய்யமாட்டோமா, அதுமாதிரிதான். அழுக்கா இருந்தா வேலை வாங்குற மண்டோரு ஏசுவாரு. யூனிவர்சிட்டியிலேர்ந்து நம்ம ஆளு, ஒரு பொம்பளப் புள்ள வருது, கிணத்துத் தண்ணிய அப்படியே ஊத்திக் குடுக்க மனசு வருமா?"

நான் அவர் வீட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். தோட்டத்தில் மேலதிகாரிகள் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைப் பார்வையிட வரும் வழக்கம் எனக்குத் தெரியாது. அந்த நாளில் எல்லாரும் துடைத்து மெழுகி நிற்பார்கள் என்பதும் தெரியாது. ஒரு வாரம் முன்னால் சொல்லி அனுப்பிவிட்டு, துரையைப்போல நானும் போய் இறங்கியிருக்கிறேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது நான். லிம் சொன்னதையும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அதோடு முடியவில்லை. ராஜம்மா அடுப்பை மூட்டிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணுதான் டீச்சர் மனசுக்குக் கஷ்டம். பைப்பு போட்டுக் குடுங்கன்னு அஞ்சாறு வருசமா கேக்குறோம். இந்த வருசம் போடுறதாத்தான் இருந்துச்சு. இப்ப மானேஜரு, உங்க தண்ணிதான் பாஸாச்சே, பைப்பு எதுக்குங்குறாரு. கொட்டாயில வாரத்துக்கு ரெண்டு புள்ளைக்கு வயித்தால போகுது. எனக்குத்தான் தெரியும்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. என் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் அந்தப் பிள்ளைகளின் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிவிட்டது. காய்ச்சிய தண்ணீரை வாங்கிக் குடித்தேன். சூட்டோடு உள்ளே இறங்கியது.

இரண்டாம் கட்டம் என்று சொல்

மறுநாள் துறைத் தலைவர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை, இப்போது நினைத்தாலும் சொல்வேன்.

"மறுபடி எடுத்துச் சோதி. ஆனால் முதல் அறிக்கை தவறு என்று எழுதாதே. இது இரண்டாம் கட்டம் என்று சொல். பருவம் மாறியது, மழை பெய்தது, தண்ணீர் மாறியது. யாரும் கேட்க மாட்டார்கள்," என்றார்.

"கம்பெனி கேட்கும் சார். முதல் அறிக்கை நிற்கிறவரை அதைத்தான் காட்டும்."

"இது உன் முதல் மானியம். இதையே கடைசி மானியமாக ஆக்கிக்கொள்ளாதே."

ஐந்து வாரத்தில் மானியக் குழு பினாங்கில் கூடுவதாக இருந்தது. அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலும் அதே சமயத்தில்தான். எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்லப்போவதில்லை. நிறைய ஆசை இருந்தது. வீட்டுக்குப் போகாமல், நடந்து பூமலைப் பூங்காவரை போய்த் திரும்பினேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? தவறு என்று எழுதுவதாக முடிவு செய்தேன். அறைக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு தாளில் "இடைக்கால அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, என் மனம் மாறுவதற்குள் கோலாலம்பூருக்குத் தபாலில் சேர்த்தேன்.

முதல் பெயில்

அடுத்த ஞாயிறு, தோட்டத்து மாரியம்மன் கோயில் வளாகத்தில் ராஜம்மா பெண்களைக் கூட்டினார். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நான் வகுப்பறைத் தமிழில் கால்மணி நேரம் விளக்கினேன். கொட்டாவி விட்டார்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து நேராகக் கேட்டார்.

"டீச்சர், திரும்ப எடுத்தா எங்க தண்ணி பெயிலாகும். எங்க வீடு அழுக்குன்னு பேப்பர்ல வருமா?"

மற்றவர்கள் தலைகளும் நிமிர்ந்தன. அதுதான் அவர்கள் பயம். பைப்பும் வராமல், அழுக்கு லயம் என்ற பெயரும் வந்துவிட்டால் என்ன செய்வது?

"தண்ணிதான் கெட்டது, வீடு இல்லன்னு எழுதுவேன்," என்றேன். "அதுக்கு முன்னால, முதல் பக்கத்துல, நான் செஞ்சது தப்புன்னு எம்பேரைப் போட்டு எழுதுவேன். பழைய ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு கோலாலம்பூருக்குக் கடிதம் அனுப்பியும் ஆச்சு."

"அப்ப நீங்களும் பெயிலா டீச்சர்?"

"முதல் பெயிலே நான்தான்."

சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தவறைச் சொன்ன பிறகு முதல் தடவையாக அன்றுதான் மூச்சு லேசாக வந்தது.

சிரிப்பு அடங்கியதும் ராஜம்மா வேலையைப் பிரித்தார். தலைவி நானாக இருந்தாலும் அன்று பிரித்தது அவர்தான். "டீச்சரு வந்து எடுத்தா திரும்ப எவளாச்சும் காய்ச்சி வச்சிருவா. நாமளே எடுப்போம். காலையில தண்ணி சேந்துற நேரத்துல, சேந்துற குடத்துலேர்ந்து."

எனக்கு அது தோன்றவே இல்லை. பன்னிரண்டு பெண்கள் முன்வந்தார்கள். லிம்மும் நானும் இரண்டு ஞாயிறு அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். பாட்டில் வாயைத் தொடக்கூடாது. கழுவக்கூடாது. கழுத்துவரை நிரப்பக்கூடாது. இடமும் நேரமும் ஒட்டி வைக்க வேண்டும். "உங்க மாணவர்களைவிட நல்லா எடுக்குறாங்க," என்று லிம் என் காதில் சொன்னார். உண்மைதான். பிள்ளைகளுக்குச் சங்கில் மருந்து புகட்டுகிற கைகளுக்கு இது எம்மாத்திரம்?

மூன்றாம் வாரம், விடிவதற்கு முன் அவர்கள் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்ததை லிம் முதல் ஃபெரியிலேயே கொண்டுவந்து சேர்த்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவரும் கிணற்றில் ஐந்து பாட்டில் எடுத்திருந்தார். இரண்டு நாள் கழித்து இன்குபேட்டர் கதவைத் திறந்தபோது வாடை முகத்தில் அடித்தது. லிம் போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். முக்கால்வாசிக் குழாய்களில் குமிழி.

மாலையே தோட்டத்துக்குப் போய் ராஜம்மாவிடம் சொன்னேன்.

"எங்க வீடு?"

"அஞ்சு குழாயிலயும் குமிழி அக்கா."

கொட்டாயில் தொட்டில் ஒன்றைக் காலால் ஆட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "எழுதுங்க. நம்பரு மட்டும் போடாதீங்க. பதினோராம் நம்பர், ராஜம்மா, ஆயான்னு பேரு போட்டே எழுதுங்க. வெறும் நம்பரா இருந்தா யாரு வீடோன்னு நினைச்சிருவாங்க."

எந்த அறிக்கையை நம்புவது?

மானியக் குழுக் கூட்டத்துக்கு நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன். குளிர்பதன அறை. நீள மேசை. கோலாலம்பூரிலிருந்து வந்த தலைவர் ஒரு பக்கம், தோட்டக் கம்பெனியின் பிரதிநிதி ஒரு பக்கம். துறைத் தலைவர் என் அருகில் உட்கார்ந்து கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

கம்பெனிக்காரர் மரியாதையாகவே பேசினார். "ஒரே கிணறு, ஒரே டாக்டர், இரண்டு அறிக்கை. ஒன்றில் தண்ணீர் சுத்தம், ஒன்றில் அசுத்தம். நாங்கள் எதை நம்புவது?"

"இரண்டாவதை," என்றேன். "முதலாவது தவறு. அதற்கும் கையெழுத்துப் போட்டது நான்தான். ஏன் தவறாகப் போனது என்று முதல் பக்கத்தில் இருக்கிறது."

அறையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. அவர் விடவில்லை. "இந்தத் தடவை தொழிலாளர்களே தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். பைப்பு வேண்டும் என்பதற்காக அவர்களே எதையாவது கலந்திருந்தால்?"

எனக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தாமல் பேசுவதற்கு ஃபெரித் துறையில் பழகியிருந்தது உதவியது. "எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் அதே காலையில் அதே கிணற்றில் எடுத்ததும் உள்ளே இருக்கிறது. அதிலும் குமிழிதான். எடுத்தவர்கள் பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டு பேர். என் ஆய்வுக் குழுவில் அவர்கள் உறுப்பினர்கள்," என்று சொல்லிவிட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். பால் வெட்டுகிறவர் இன்னார், களை எடுக்கிறவர் இன்னார், ஆயா ராஜம்மா. அந்த அறையில் அதற்குமுன் அப்படிப்பட்ட பெயர்களை யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

குழுத் தலைவர், முதல் அறிக்கை திரும்பப் பெறப்பட்டதாகக் குறித்துக்கொண்டார். கம்பெனி இனி அதைக் காட்டக்கூடாது என்றும், குழாய் போடும் திட்டத்தைத் தொடர வேண்டும் என்று குழு எழுதும் என்றும் சொன்னார். அடுத்ததாக, திட்டத்துக்கு அனுபவமுள்ள ஒரு கூட்டுத் தலைவர் தேவை என்றார். அந்த இடத்தில் எங்கள் துறைத் தலைவர் பெயர் எழுதப்பட்டது. கடைசியில் அவருக்கு நொங்கு கிடைத்துவிட்டது. பதவி உயர்வுப் பட்டியலில் அந்த வருடமும் மறு வருடமும் என் பெயர் இல்லை.

அழுதேன். இரண்டு நாள். மூன்றாம் நாள் அடுத்த மானியத்துக்கு விண்ணப்பம் எழுத ஆரம்பித்தேன். அதில் "திட்டத் தலைவரின் அனுபவம்" என்ற இடத்தில் திரும்பப் பெற்ற அறிக்கையையும் சேர்த்தே எழுதினேன். ஈப்போ வாசகரின் மகள் இதை நம்புவாரோ என்னவோ, அந்த விண்ணப்பம் தேறியது. அதன்பிறகு நான்கு திட்டங்களுக்குத் தலைமை தாங்கினேன். ஒன்றில்கூட முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டுப் போகவில்லை.

தைப்பூசத்துக்கு வந்தவர்கள்

தோட்டத்தில் பைப்பு வருவதற்கு எட்டு மாதம் ஆனது. திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில், ரத ஊர்வலத்தன்று காலை, ராஜம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார்கள். மஞ்சள் சேலை, கையில் பால்குடத்துக்கான செம்பு. நடுவில் ஓர் ஐஸ் பெட்டி. மீன் விற்கிறவரிடம் இரவல் வாங்கியது, வாடை அடித்தது.

"புது பைப்புத் தண்ணி டீச்சர். இன்னைக்கு அஞ்சு மணிக்குப் புடிச்சது."

"குடுத்துட்டுப் போங்கக்கா, நான் பாத்துச் சொல்றேன். ரதம் கிளம்பிரும்."

"ரதம் மெதுவாத்தான் வரும். நாங்களே ஊத்துறோம், நீங்க பாருங்க."

மூவரும் கையைக் கழுவிக்கொண்டு லிம் காட்டியபடி குழாய்களில் ஊற்றினார்கள். சேலையில் ஒரு சொட்டு விழவில்லை. பூசம் முடிந்த மறுநாள், கால் வலியோடும் நெற்றி நிறைய விபூதியோடும் திரும்ப வந்தார்கள். லிம் தாங்கியை வெளிச்சத்தில் வைத்தார். ஐந்தில் இரண்டு குழாயில் குமிழி.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. இவ்வளவுக்கும் பிறகு கம்பெனிக்காரர்கள் மூடி இல்லாத தொட்டியிலிருந்துதான் பைப்பை இழுத்துவிட்டிருக்கிறார்கள் என்று ராஜம்மா சொன்னார். அதுதான் காரணமாக இருக்கும் என்று லிம்மும் சொன்னார். நான் தலைப்புத்தாளைத் தட்டச்சுப் பொறியில் செருகினேன். "இன்னைக்கே கம்பெனிக்கு எழுதுறேன்."

ராஜம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க எழுதினா திரும்ப ரெண்டு ரிப்போட்டு, மூணு ரிப்போட்டும்பான். தண்ணி எடுத்தது நாங்க, ஊத்தினது நாங்க. நாங்க எழுதுறோம். உங்க லேப்பு சீலு மட்டும் குத்திக் குடுங்க."

ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினார். தமிழ்ப்பள்ளியில் பழகிய உருண்டைக் கையெழுத்தில், தண்ணீர் பிடித்த இடம், நேரம், எத்தனை குழாய், எத்தனையில் குமிழி, தொட்டிக்கு மூடி போட வேண்டும் என்று எட்டே வரியில் எழுதினார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். லிம் மைப் பெட்டியைத் திறந்து வைத்தார். நான் சீல் குத்தினேன்.

சீல் நேராக விழுந்திருக்கிறதா என்று ராஜம்மா தாளை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, அதே எட்டு வரியை இன்னொரு தாளில் எழுத ஆரம்பித்தார்.

"இதுலயும் குத்துங்க டீச்சர். ஒண்ணு எங்ககிட்ட இருக்கணும்."